மர்சூடியின் ஒழுகாத டிரம்

உலகத்தில் மனிதர்கள் பல காரணங்களுக்காகப் பெயர் வாங்குகிறார்கள். சிலர் நாட்டைப் பிடிப்பார்கள், சிலர் நாட்டை விடுவிப்பார்கள், சிலர் இரண்டுக்கும் நடுவில் நின்று கான்ட்ராக்ட் எடுப்பார்கள். ஜாவாவில், மெராப்பி எரிமலையின் கிழக்குச் சரிவில், தெம்பாகன் என்கிற கன்னார் ஊரில், மர்சூடி என்பவர் பெயர் வாங்கியது தான் செய்த பாத்திரம் எதுவும் ஒழுகாது என்பதற்காக.

இதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. தெம்பாகனில் பிறக்கிற குழந்தை முதலில் கேட்பது தாயின் குரலை அல்ல, பக்கத்து வீட்டுச் சுத்தியலை. வீட்டுக்கு வீடு பட்டறை. சோறு அவிக்கிற தவலை, கெட்டில், விளக்கு, பள்ளிவாசல் கும்மட்டம், ஜகார்த்தா ஓட்டல் வாசலில் யாரும் பார்க்காமல் நிற்கிற ஆள் உயரப் பூச்சாடி எல்லாம் அங்கேதான் செம்புத் தகட்டிலிருந்து எழுந்து வரும். அவற்றில் ஒன்றிரண்டு ஒழுகத்தான் செய்யும். ஒழுகினால் மற்றவர்கள் அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். மர்சூடி அந்த ரகமில்லை. முடித்த பாத்திரத்தில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுவார். தரையில் காய்ந்த சாம்பலைப் பரப்பி அதன்மேல் வைப்பார். மறுநாள் விடியற்காலைத் தொழுகை முடிந்த கையோடு வந்து குந்தி உட்கார்ந்து சாம்பலைப் பார்ப்பார். ஈரப்பொட்டு ஒன்று தெரிந்துவிட்டால் அன்று வீட்டில் துக்கம். காபி குடிக்க மாட்டார். யாராவது வந்தால் ‘உடம்புக்கு முடியலை’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

சொந்தக் கல்யாணத்தில் அவர் செய்ததை ஊரில் இன்றும் சொல்வார்கள். முதுகில் கிரிஸ் கத்தி செருகி, கழுத்தில் மல்லிகைச் சரத்தோடு மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தவர், விருந்தாளிகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு போன கெட்டிலிலிருந்து ஒரு சொட்டுப் பாயில் விழுவதைப் பார்த்துவிட்டார். நிக்காஹ் நடத்தி வைக்க வந்த பெரியவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க, மாப்பிள்ளை எழுந்து கொல்லைப்பக்கம் போய் அந்தக் கெட்டிலின் ஓட்டையைப் பற்றவைத்து அடைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பெண் வீட்டாருக்குக் கோபம் வரவில்லை. கெட்டில் அவர்களுடையது, வெட்கம்தான் வந்தது.

மணப்பெண் வார்த்தினி அன்று ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் அதிகம் சொன்னதில்லை. ஒரு பக்கம் கணவரின் சுத்தியல், இன்னொரு பக்கம் அடுத்த வீட்டுத் துருபுஸின் சுத்தியல் என்று இருக்கும்போது பேசுவதால் பயன் என்ன? அவள் சோறாக்கினாள், ஒரு மகனைப் பெற்று சோலோ நகரத்தில் வேலைக்கு அனுப்பினாள், பசுவைக் கறந்தாள். கணவரை ‘பாக்னே’ என்று அழைப்பாள், பிள்ளையின் அப்பா என்கிற அர்த்தத்தில். அவர் அவளை ‘மாக்னே’ என்பார். இரண்டு சொற்களும் சேர்ந்து ஒரு நாளைய உரையாடலில் பாதியை முடித்துவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் டிரம் நுழைந்ததற்கு ஊர்த்தலைவரின் மனைவிதான் காரணம். எல்லாரும் அவரை இபு லூரா என்பார்கள், இபு என்றால் அம்மா, லூரா என்றால் தலைவர். அவருக்கென்று ஒரு பெயர் இருக்க வேண்டும். பதவி வந்ததும் அதை எங்கேயோ பத்திரமாக வைத்துவிட்டார். கீழ் ஊர்ப் பெண்கள் போன சுதந்திர தினத்துக்கு பேண்டு வாத்தியம் வைத்து ஊர்வலம் போனார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதுவரை சீட்டுக் கட்டவும் வாழைப்பழ அப்பம் சுடவும் மட்டும் கூடிக்கொண்டிருந்த தெம்பாகன் பெண்களை வரிசையில் நிறுத்தினார். வெள்ளை பூட்ஸ், தங்க நிறக் கயிறு, முக்காட்டின்மேல் கோழி வாலைப் போன்ற இறகு வைத்த உயரத் தொப்பி எல்லாம் தைக்கக் கொடுத்தார். கோலைச் சுழற்றிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போகிற பொறுப்பை, மற்றவர்கள் யாரும் கேட்பதற்கு முன்பே, தானே சுமந்துகொண்டார்.

பழக்கிவிட வந்தவர் ஹென்ட்ரோ என்கிற பள்ளிக்கூட வாத்தியார். பள்ளியிலிருந்து கடன் வாங்கிய, தோளில் மாட்டித் தட்டுகிற ஸ்னேர் டிரம்மை ஆளுக்கு ஒருமுறை தட்டச் சொன்னார். கரப்பான் பூச்சியை அடிக்கிற மாதிரி சிலர் அடித்தார்கள். மாமியாரை எழுப்புகிற மாதிரி சிலர் தொட்டார்கள். வார்த்தினியின் முறை வந்தது. குச்சிகள் இரண்டும் அவள் கையில் சும்மா இறங்கி ஏறின. அவ்வளவுதான். மைதானத்தில் இருந்தவர்களின் கால்கள் தாமாக இடது வலது போட ஆரம்பித்தன.

“எங்க கத்துக்கிட்டீங்க, இபு?” என்று ஹென்ட்ரோ கேட்டார்.

“எங்கயும் இல்ல, பாக் குரு. எங்க வீட்டுக்காரரு ஒரு பக்கம் தட்டுவாரு, துருபுஸ் ஒரு பக்கம் தட்டுவாரு. ரெண்டும் ஒத்தே வராது. நடுவுல நான் மனசுக்குள்ள சரி பண்ணிக்கிட்டே சோறாக்குவேன்.”

முன் வரிசையில் ஸ்னேர் வாசிப்பவர் ஒருவர்தான். மொத்த பேண்டும் அந்த ஒரு டிரம்மின் பின்னால் நடக்கும். அந்த இடம் வார்த்தினிக்குக் கிடைத்தது. வீட்டில் டிரம் இல்லாததால், மர்சூடி செய்து முடித்து அடுக்கி வைத்திருந்த கெட்டில்களில் அவள் பழகினாள். கெட்டிலெல்லாம் பள்ளம் விழுந்தது. மர்சூடி பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே அனுப்பினார். செமாராங் வியாபாரி போன் செய்தார்.

“இந்தப் பள்ளமெல்லாம் என்ன டிசைன், பாக்?”

“அது... புது டிசைன்.”

“ஓகோ. இன்னும் இருந்தா அனுப்புங்க.”

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடம் தன் டிரம்மைத் திருப்பிக் கேட்டது. அதே வாரம் இபு லூராவின் தங்கை யூலி, பாத்தாம் தீவில் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். வரும்போது ஒரு சொந்த ஸ்னேர் டிரம் கொண்டு வந்தாள். குரோமியம் பூசியது. அதில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் போல இருந்தது. யூலிக்கு வாசிக்கத் தெரியாது என்பது ஒரு சிறு விஷயம்.

இபு லூரா தீர்ப்புச் சொன்னார். “நான் ஓரவஞ்சனை பண்றவ இல்ல. யூலி என் தங்கச்சிங்கறதுக்காக முன்னால நிறுத்தல. அவகிட்ட டிரம் இருக்கு, அதுக்காகத்தான். வார்த்தினியும் சொந்த டிரம் கொண்டு வரட்டும். கடைசி ஒத்திகையில ரெண்டையும் கேப்போம். எது கணீர்னு கேக்குதோ அது முன்னால. இல்லேன்னா வார்த்தினி பேனர் பிடிக்கட்டும். பேனரும் முக்கியம்தானே?”

வார்த்தினி வீட்டுக்கு வந்து இதை ஒரே வாக்கியத்தில் கணவரிடம் சொன்னாள். பிறகு கெட்டில்களின் பக்கம் போகவில்லை. பள்ளம் விழுவது நின்றது. மர்சூடி சந்தோஷப்பட வேண்டிய மனிதர். ஆனால் அடுப்படியில் அந்தத் தட்டல் இல்லாமல் போனதும் அவருடைய சுத்தியலே தடுமாறியது. அத்தனை நாளும் அவர் அவளைப் பார்த்துத்தான் அடி போட்டிருக்கிறார் போலிருக்கிறது.

“மாக்னே, மனசுல ஏதாவது இருந்தா சொல்லு.”

“கல்யாணமான நாள்லேருந்து உங்ககிட்ட நான் ஏதாவது கேட்டிருக்கேனா?”

“இல்ல.”

“இப்பவும் கேக்கல,” என்றாள் வார்த்தினி. பசுவுக்குப் புல் போட எழுந்து போய்விட்டாள்.

மர்சூடி அன்றைக்கே செம்புத் தகட்டை எடுத்தார்.

ஆனால் டிரம் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். பள்ளிக்கூட டிரம் போய்விட்டது. மிச்சம் இருந்தது யூலியின் டிரம். ‘குரோமியத்துக்கு நல்ல பாலிஷ் இருக்கு, ஊர்க்காரன்ங்கற முறையில போட்டுத் தரேன்’ என்று சொல்லிக்கொண்டு ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போனார். துடைக்கிற சாக்கில் நூல் வைத்து அளந்தார். சுற்றளவு, உயரம், மேல் தோல், கீழ்த் தோல், வளையங்கள், முறுக்குகிற ஆணிகள், கீழ்த் தோலில் உரசிச் சிணுங்குகிற கம்பிச் சரம். எல்லாம் மனதில் ஏறியது. திருப்பியபோது பக்கவாட்டில் அதைப் பார்த்தார்.

ஓட்டை. சுண்டு விரல் நுனி போகிற அளவுக்கு, நல்ல வட்டமாக. சுற்றிலும் ஒரு சின்ன பித்தளை வளையம்.

மர்சூடிக்கு யூலியின்மேல் இரக்கம் பொங்கியது. பாவம், அவ்வளவு தூரத்திலிருந்து கடல் தாண்டிக் கொண்டு வந்த சாமான். ஃபேக்டரிக்காரர்கள் ஓட்டையோடு தள்ளிவிட்டிருக்கிறார்கள். வெளியே தெரியாமலிருக்க ஓரத்துக்கு வளையம் வேறு. ஆனால் ஒருவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய், அவர்கள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, அவர்கள் பொருளில் ஓட்டை இருக்கிறது என்று சொல்கிற பழக்கம் ஜாவாவில் கிடையாது. அந்தக் காரியத்தைச் செய்வதற்குப் பதில் நேராக மெராப்பியின் வாய்க்குள் இறங்கிவிடலாம்.

“எப்படிங்க பாக், நல்லா இருக்கா?” என்று யூலி கேட்டாள்.

“நல்ல சாமான்மா,” என்றார் மர்சூடி. ஓட்டை இருந்த பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு விடைபெற்றார். வாழ்க்கையில் அவர் அப்படித் திருப்பி வைத்தது அந்த ஒருமுறைதான்.

வீட்டு வாசலில் துருபுஸ் பிடித்துக்கொண்டார். அவர் மர்சூடியை அண்ணன் முறையில் ‘காங்’ என்பார். “என்ன காங், ரகசியமாப் போயிட்டு வரீங்க?”

“யார்கிட்டயும் சொல்லாத. அந்த டிரம்மு ஒழுகுது.”

“டிரம்முல என்ன காங் ஒழுகும்?”

“எது ஊத்தினாலும் ஒழுகும்,” என்றார் மர்சூடி கவலையோடு.

பிறகு வேலை தொடங்கியது. செம்பைச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் ஆற்றி, உருட்டி, ஓரங்கள் சேருகிற மூட்டில் பித்தளைப் பொடி வைத்துப் பற்றவைத்தார். அந்த மூட்டுத் தெரியாமல் போகிற வரைக்கும் சுத்தியலால் தட்டினார். அவர் தட்டிய தட்டில் செம்பு மீன் செதில் மாதிரிப் பூத்தது. பார்த்தவர்கள் மெச்சினார்கள். ஆனால் முதலாவது டிரம் முடிந்தபோது அதற்கு அடி இருந்தது. அழகான, உருண்டையான அடி. கைகளுக்கு அதுதான் பழக்கம். சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை. இரண்டாவதற்கு அடி இல்லை, ஆனால் கைப்பிடி முளைத்திருந்தது.

“இதுல வாசிக்கணுமா, சோறு அவிக்கணுமா, காங்?” என்று துருபுஸ் சுற்றிச் சுற்றி வந்தார்.

“உன் வேலையப் பாரு.”

“என் வேலை விளக்கு. விளக்குக் கூண்டுக்கு அடி வெச்சா வெளிச்சம் இறங்காதுன்னு எனக்குத் தெரியும்.”

மூன்றாவது உருளை ஒழுங்காக வந்தது. மேலும் கீழும் திறந்து, நடுவில் ஒன்றுமில்லாமல். இப்படி இரண்டு பக்கமும் திறந்த ஒன்றைத் தன் கையால் செய்ததை மர்சூடியால் நேராகப் பார்க்க முடியவில்லை. ஒரு துணியைப் போட்டு மூடி வைத்தார். சோலோவிலிருந்து மகன் இரண்டு வெள்ளைத் தோல்களை வாங்கி அனுப்பினான். வளையங்களைக் கெட்டிப் பித்தளையில் வளைத்தார். முறுக்குவதற்குக் கும்மட்டத்து ஆணிகள் கிடைத்தன. கம்பிச் சரத்துக்கு என்ன செய்வது என்று யோசித்து, கடைசியில் தன் மோட்டார் சைக்கிளின் கிளச் கேபிளை உருவிப் பிரித்துச் சீராக வெட்டிக் கட்டினார். அன்றிலிருந்து வண்டி பட்டறை ஓரத்தில் நின்றது. அவர் நடந்து போனார்.

தோல்களைப் பூட்டினார். அப்போதுதான், தோலும் செம்பும் சேருகிற இடத்தில் மயிரிழை இடைவெளி இருப்பதைக் கண்டார். அவருக்கு அது போதும். செம்பில் சித்திரம் தட்டும்போது உள்ளே நிரப்புகிற குங்கிலியப் பசையைக் காய்ச்சி, விளிம்பைச் சுற்றிப் பூசி அடைத்தார். மேலே, கீழே, கம்பி நுழைகிற இடம், ஆணி நுழைகிற இடம், எதையும் விடவில்லை. டிரம்மில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வழியில்லை என்பதால், டிரம்மைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். பசு குடிக்கிற தொட்டியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு முழு கவனத்தோடு உற்று நோக்கினார். பசுவும் உற்று நோக்கியது.

ஒரு குமிழி வரவில்லை.

மர்சூடியின் கண் கலங்கியது. துடைத்து, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்து, அந்திச் சூரியனைப் போன்ற ஒரு டிரம்மை மனைவியின் முன்னால் வைத்தார். வார்த்தினி அதைத் தடவிப் பார்த்தாள். குச்சியை எடுத்தாள். ஒரு அடி வைத்தாள்.

பொத்.

ஈர மண்ணில் பலாப்பழம் விழுந்த சத்தம். அவள் இன்னொரு அடி வைத்தாள். இன்னொரு பலாப்பழம்.

கணவரின் முகத்தைப் பார்த்தாள். “ரொம்ப அழகா இருக்கு, பாக்னே,” என்றாள். அது உண்மைதான்.

புதுச் சாமானுக்கு ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட வேண்டும். மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து, சுற்றிலும் கோழியும் முட்டையும் வைத்து, நடுவில் டிரம்மை வைத்தார்கள். துவா ஓதுகிற மோடின் வந்தார். டிரம்முக்கென்று துவா அவருக்குத் தெரியாது. புது வீட்டுக்கும் புதுப் பசுவுக்கும் ஓதுவதில் பாதிப் பாதி எடுத்து ஓதினார். சாப்பிட்டு முடித்ததும் வார்த்தினியை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தாள். ஊரே தலையாட்டிக் கேட்டது, அல்லது கேட்க முயன்றது.

“அடக்கமான சத்தம்,” என்றார் ஒருவர்.

“ஆமாமா. சில டிரம்மெல்லாம் சந்தையில கத்துற மாதிரி கத்தும். இது குடும்பப் பாங்கு.”

“தூங்குற புள்ளைய எழுப்பாது,” என்றார் மோடின்.

“சாவு வீட்டுக்குக்கூட எடுத்துட்டுப் போகலாம்,” என்றார் துருபுஸ். அவரும் பாராட்டாகத்தான் சொன்னார்.

மர்சூடி இத்தனை புகழையும் குனிந்த தலையோடு ஏற்றுக்கொண்டார். ஆனால் நாளாக ஆக டிரம் விசித்திரமாக நடந்துகொண்டது. மலைக் குளிரில் காலையில் தோல் இரண்டும் பட்டினி கிடந்த வயிறு மாதிரி உள்ளே ஒட்டியிருக்கும். உச்சி வெயிலில் கல்யாண விருந்து சாப்பிட்ட வயிறு மாதிரி உப்பும். எந்த வேளையில் அடித்தாலும் பலாப்பழம்தான்.

ஹென்ட்ரோ வாத்தியாருக்கு விஷயம் முதல் நாளே விளங்கிவிட்டது. படித்தவர், டிரம்மின் உள்ளே காற்று அடைபட்டுக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவரும் ஜாவாக்காரர். ஒருநாள் மாலை வந்து உட்கார்ந்தார். பசுவின் சுகம் விசாரித்தார். மலை புகைவது குறைந்திருக்கிறது என்றார். இரண்டாவது கோப்பைத் தேநீருக்குப் பிறகு தொண்டையைக் கனைத்தார்.

“எங்க ஊர்ல ஒரு கொத்தனாரு, பாக். ஜன்னலே இல்லாம வீடு கட்டினாரு.”

“திருட்டுப் பயமா?”

“இல்ல. நல்ல வேலைக்காரரு. சுவத்துல ஓட்டை விடறது அவருக்குப் பிடிக்காது.”

“நல்ல மனுஷன்,” என்றார் மர்சூடி, மனதார.

“உள்ள இருந்தவங்களுக்கு மூச்சு முட்டிச்சு, பாக்.”

“வெளிய வந்து உக்காரலாமே.”

“உக்காரலாம்,” என்று ஹென்ட்ரோ ஒத்துக்கொண்டார். “ஆனா ஒரு சின்ன ஜன்னல்... ஒரு விரக்கடை அளவுக்கு...”

“ஒரு விரக்கடை ஜன்னல்ல என்ன தெரியும், பாக் குரு? அதுக்கு இல்லாமலே இருக்கலாம்.”

வாத்தியார் மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். தேநீர் மிகவும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். போனபிறகு மர்சூடி மனைவியிடம், “வீடு கட்டப் போறாரு போல, கொத்தனாரு விசாரிக்கிறாரு,” என்றார். வார்த்தினி கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் அந்தக் கொத்தனார் அவள் மனதில் தங்கிவிட்டார்.

கடைசி ஒத்திகையன்று மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. கணவர்கள் ஒரு ஓரத்தில் வரிசையாக, மாட்டுச் சந்தைக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். இபு லூரா வெள்ளை பூட்ஸில், கோலோடு நடுவில். முதலில் யூலி. தகரக் கூரையில் தேங்காய் உருண்டால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் கணீரென்றிருந்தது, கோடியில் நின்றவர்கள்கூடக் காதைப் பொத்தினார்கள்.

பிறகு வார்த்தினி. அவள் கைகள் பறந்தன. பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் பொத்துப் பொத்தென்று ஏதோ கேட்டது. மற்றவர்களுக்கு அவள் ஊமையாக மாவு பிசைகிற மாதிரி இருந்தது.

“ரொம்ப நாகரிகமான வாசிப்பு,” என்றார் இபு லூரா. “பேனர் பிடிக்கிறப்பவும் இதே நிதானம் வேணும், வார்த்தினி.”

கைதட்டினார்கள். வார்த்தினி குச்சிகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக யூலியிடம் போனாள்.

“யூலி, ஒரு தட்டு தட்டு.”

யூலி தட்டினாள். வார்த்தினி அந்த ஓட்டைக்கு நேரே உள்ளங்கையைக் காட்டினாள். இன்னொரு தட்டு. ஒவ்வொரு அடிக்கும் அவள் கையில் ஒரு சின்னக் காற்று வந்து மோதியது. மெதுவாகத் திரும்பி, மைதானத்தைக் கடந்து, கணவர்கள் வரிசைக்கு வந்தாள்.

“பாக்னே. அவ டிரம்மு மூச்சு விடுது.”

“ஒழுகுதுன்னு சொல்லு. எனக்கு அன்னிக்கே தெரியும். பாவம், சொல்லிக்காத.”

“நம்ம டிரம்மு ஒழுகல. அதான் அதோட கோளாறு.”

கணவர்கள் வரிசை இரண்டடி பின்வாங்கியது. தெம்பாகனில் ஒருவர் இன்னொருவரிடம் இப்படி நேருக்கு நேர் பேசி யாரும் கேட்டதில்லை. ஹென்ட்ரோ வாத்தியார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, “அந்தக் கொத்தனாரு...” என்று முணுமுணுத்தார். மர்சூடி அவரைப் பார்த்தார். ஜன்னல், சுவர், மூச்சு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் தலைக்குள் வந்து உட்கார்ந்தன.

“ஓட்டை போடணும்ங்கறியா,” என்றார் தாழ்ந்த குரலில். “நானா? என் கையாலயா? ஊரு பாக்க?”

“ஆமா.”

“மாக்னே, வேற என்ன வேணா சொல்லு. இன்னொண்ணு செஞ்சு தரேன். வெள்ளியில செஞ்சு தரேன்.”

“கல்யாணமான நாள்லேருந்து நான் எதுவும் கேட்டதில்ல,” என்றாள் வார்த்தினி. “இப்ப கேக்கறேன்.”

பேனர் கம்பத்திலிருந்து யாரோ ஒரு ஆணியைப் பிடுங்கிக் கொடுத்தார்கள். சுத்தியல் இல்லை, அத்தனை கன்னார் நின்ற இடத்தில் ஒருவரிடமும் சுத்தியல் இல்லை, ஒத்திகைக்கு வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தார்கள். ஒரு கருங்கல் கிடைத்தது. மர்சூடி மண்டியிட்டு உட்கார்ந்து டிரம்மை மடியில் கிடத்தினார். சுன்னத் வீட்டில் பையனைப் பிடித்துக்கொள்கிற மாதிரி துருபுஸ் மறுபக்கம் பிடித்துக்கொண்டார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மோடின் எதற்கும் இருக்கட்டும் என்று ஓத ஆரம்பித்தார்.

“கண்ண மூடிக்குங்க, காங். வலிக்காது.”

“யாருக்கு?”

“ரெண்டு பேருக்கும்தான்.”

மர்சூடி கண்ணை மூடவில்லை. ஓட்டை போடுவதென்றாலும் வட்டமாகப் போட வேண்டும். கல்லை ஓங்கினார்.

ஆணி நுழைந்ததும் டிரம் பெருமூச்சு விட்டது. வெயிலில் உப்பியிருந்த காற்று ஸ்ஸ்ஸென்று வெளியே வந்தது. எத்தனை நாளாகவோ சொல்ல நினைத்து அடக்கியதைச் சொல்லி முடித்த மாதிரி. உப்பல் வடிந்து தோல்கள் தட்டையாயின. அவர் ஆணியைச் சுற்றிச் சுற்றித் திருகி, விளிம்பைச் சீர் செய்து, தன் இடுப்பு வாரிலிருந்து ஒரு பித்தளை வளையத்தைப் பிய்த்து ஓட்டையில் பதித்தார். வெறும் ஓட்டையாக வெளியே அனுப்ப மனம் வரவில்லை. பிறகு ஒரு கையால் சறுக்கத் தொடங்கிய கைலியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டிரம்மை நீட்டினார்.

வார்த்தினி மாட்டிக்கொண்டாள். ஒரு அடி வைத்தாள்.

அந்தச் சத்தத்தைப் பற்றித் தெம்பாகனில் பல வர்ணனைகள் உண்டு. புறா எழும்பியது என்பார்கள், மலை எதிரொலித்தது என்பார்கள். நிச்சயமாக நடந்தது ஒன்றுதான்: இபு லூராவின் கையிலிருந்து கோல் விழுந்தது. மின்னல் வெட்டியதும் வருகிற முதல் இடியைப் போல வறண்டு, வெடித்து, செம்புக்கே உரிய ஒரு இனிப்போடு வந்தது அது. வார்த்தினி தொடர்ந்து உருட்டினாள். ஓட்டை வழியாகக் காற்று வந்து அவள் இடுப்புக் கயிற்றுக் குஞ்சலத்தை ஆட்டியது. அவள் சிரித்தாள். மர்சூடி அவள் பல் வரிசையை முழுதாகப் பார்த்தது அப்போதுதான்.

கோலைப் பொறுக்கிக்கொண்ட இபு லூரா, “நானும் அதத்தான் சொல்ல வந்தேன்,” என்றார். “வார்த்தினி முன்னால.”

யூலி டிரம்மைக் கழற்றித் தரையில் வைத்தாள். “அல்ஹம்துலில்லா. என் தோள்பட்டையே போச்சு. பேனர் எங்க?”

சுதந்திர தினத்தன்று தெம்பாகன் பெண்கள் மலையிறங்கி டவுனுக்குப் போய் ஊர்வலத்தில் சேர்ந்தார்கள். மர்சூடி சாலையோரமாகக் கூடவே நடந்தார். முன்னால் கோலோடு இபு லூரா. அவருக்குப் பின்னால் வார்த்தினி. அவளுக்குப் பின்னால் மற்ற எல்லாரும். மேடையில் வட்டார அதிகாரி வெள்ளை உடுப்பில் சல்யூட் அடித்தபடி நின்றார். மேடைக்கு எதிரே நின்று, ஒரு வணக்கம் வைத்து, கலைந்து போக வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கு ஸ்னேர் டிரம் ஒரு நீண்ட உருட்டு உருட்டி நிறுத்த வேண்டும். அது நிற்காமல் ஒரு கால்கூட நிற்கக் கூடாது என்று ஹென்ட்ரோ வாத்தியார் பெண்களின் மண்டையில் அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

மேடை வந்தது. இபு லூரா கோலை நெட்டுக்குத்தலாகத் தூக்கினார். நிறுத்து என்று அர்த்தம்.

வார்த்தினி அதைப் பார்த்தாள். ஓரத்திலிருந்த மர்சூடிக்குத் தெரியும், அவள் நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த அடியை வைத்தாள். அதற்கு அடுத்ததையும் வைத்தாள்.

பேண்டு நிற்கவில்லை. நிற்க முயன்ற இபு லூராவின் முதுகில் செம்பு டிரம் வந்து முட்ட, அவரும் நடக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது முறையாகக் கோலைத் தூக்கினார். தூக்கியபடியே மேடையைத் தாண்டிப் போனார். அதிகாரி சல்யூட்டை எப்போது இறக்குவது என்று தெரியாமல் திரும்பித் திரும்பி அடித்தார். ஒரு பெண்ணிடம், அதுவும் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிற பெண்ணிடம், போதும் என்று சொல்வதற்கு அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. போலீஸ்காரர் ஒருவர் மரியாதையாக விசிலை வாயிலிருந்து எடுத்து, லாரிகளை நிறுத்தி வழிவிட்டார். பேண்டு சந்தையைத் தாண்டியது, பெட்ரோல் பங்கைத் தாண்டியது, பால் பண்ணையைத் தாண்டியது. பிறகு மலைப் பாதையில் ஏறத் தொடங்கியது. கூடவே பின்னால் வந்த கீழ் ஊர்ப் பெண்களின் பேண்டும், எங்கே போகிறோம் என்று கேட்பது முறையாகாது என்பதால், பேசாமல் ஏறியது.

துருபுஸ் மூச்சிரைக்க ஓடி வந்தார். “காங், நிப்பாட்டச் சொல்லுங்க. இபு லூரா அழுவுறாங்க. பூட்ஸு கடிக்குதாம்.”

“நான் எப்படிச் சொல்றது?” என்றார் மர்சூடி. “அவ முன்னால போறா.”

கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு, தாளம் தப்பிப் போய்க்கொண்டிருந்த காலை மாற்றி வைத்து, அடிக்கு அடி சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்.